127 மிமீ மாக்சுடோவ் டெலஸ்கோப் + மோனோ கேமரா: திருநெல்வேலி மொட்டை மாடியில இருந்து நட்சத்திரத்தோட நிறையைக் கணக்குப் போட இது போதுமா?

மொதல்லயே சொல்லிடுறேன், கலர் கலரா நெபுலா படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு இந்த செட்டு வேண்டாம், அதுக்கு வேற டெலஸ்கோப் இருக்கு. ஆனா ஒண்ணையொண்ணு சுத்துற ரெண்டு நட்சத்திரத்தை நாமளே பிரிச்சுப் பாத்து, நடுவுல இடைவெளி எவ்ளோ, எந்தத் திசையில இருக்குன்னு அளந்து, அதுல இருந்து அதோட நிறை எவ்ளோங்கிற கணக்கு வரைக்கும் போகணும்னு ஆசை இருந்தா தாராளமா வாங்கலாம். நான் பாளையங்கோட்டையில வீட்டு மொட்டை மாடியில வச்சுத்தான் பயன்படுத்துறேன், அதனால நம்ம ஊர் வெயில், காத்து, அட்சரேகை எல்லாத்தோடயும் சேத்துத்தான் இந்த ரிவ்யூ.

செட்டு என்னன்னா, 127 மிமீ வாய் உள்ள மாக்சுடோவ் ட்யூப், ஃபோக்கல் லெங்த் 1500 மிமீ, ஐஎம்எக்ஸ் 290 சென்சார் போட்ட மோனோ கேமரா, அதாவது கருப்பு வெள்ளை கேமரா (பிக்சல் 2.9 மைக்ரான், யூஎஸ்பி 3), ஒரு 2எக்ஸ் பார்லோ (ஃபோக்கல் லெங்த்தை ரெண்டு மடங்காக்குற லென்ஸ்), மோட்டார் வச்ச ஈக்வடோரியல் மவுண்ட் (அச்சைத் துருவ நட்சத்திரப் பக்கம் சாச்சு வச்சு, வானம் சுத்துற மாதிரியே டெலஸ்கோப்பைச் சுத்துற தாங்கி). மவுண்ட்டையும் சேத்தா லட்சத்தைத் தாண்டிடும், லேப்டாப் தனி. சின்னக் காசு இல்ல, தெரிஞ்சுதான் சொல்றேன்.

இப்போ எதுக்கு இந்தப் பிரிச்சுப் பாக்குற வேலைன்னு சொல்லணும், இல்லன்னா மிச்ச ரிவ்யூவே புரியாது. தனியா நிக்கிற ஒரு நட்சத்திரத்தோட நிறையை நேரடியா அளக்குறதுக்கு நல்ல வழி கிடையாது. வெளிச்சத்தை அளக்கலாம், கலரை வச்சு வெப்பநிலை சொல்லலாம், நிறைன்னு வந்தா பக்கத்துல இன்னொண்ணு இருந்து அது இதோட ஈர்ப்புல சுத்துறதைப் பாத்தாதான் சரியா பிடிபடும். கெப்ளரோட மூணாவது விதிதான் அடிப்படை. சுத்துப்பாதையோட அரை நீள அச்சை சூரியன்-பூமி தூரத்துல எடுத்து க்யூப் பண்ணி, சுத்துற காலத்தை வருஷத்துல எடுத்து ஸ்கொயர் பண்ணி வகுத்தா, ரெண்டு நட்சத்திரமும் சேர்ந்து எத்தனை சூரியன் நிறைன்னு வந்துடும். ஆல்ஃபா சென்டாரியை எடுத்துக்கோங்க. வானத்துல அதோட பாதையோட அரை நீள அச்சு சுமார் 17.5 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 ஆக்குனா ஒரு ஆர்க் செகண்ட்). பாரலாக்ஸ் (பூமி சூரியனைச் சுத்துறதால நட்சத்திரம் லேசா எடம் மாறித் தெரியுற கோணம், தூரம் தெரியுறது இதை வச்சுத்தான்) 0.75 ஆர்க் செகண்ட். வகுத்தா 23.3, அதாவது சூரியன்-பூமி தூரத்தைப் போல 23 மடங்குக்குக் கொஞ்சம் மேல. சுத்துற காலம் 79.9 வருஷம். க்யூப் பண்ணி, ஸ்கொயரால வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 2 வரும். புத்தகத்துல ஒண்ணுக்கு 1.08, இன்னொண்ணுக்கு 0.91 சூரிய நிறைன்னு போட்டிருக்கும், கூட்டுனா அதே 2தான். இந்தக் கணக்கை பதினொண்ணாப்பு படிக்கிற புள்ளகிட்ட கொடுத்தாக்கூட கால்குலேட்டர்ல போட்டுடும், அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

க்யூப்ங்கிறதுதான் இங்க முக்கியம், இந்த செட்டை வாங்கலாமா வேண்டாமாங்கிறதே அதுலதான் இருக்கு. இடைவெளியை 1 சதவீதம் தப்பா அளந்தா நிறையில 3 சதவீதம் தப்பு வரும். தூரத்துல தப்பு வந்தாலும் அப்படியே மூணு மடங்காத்தான் வந்து நிக்கும். படம் கூர்மையா வரணும்னு இவ்ளோ மெனக்கெடுறது அழகுக்காக இல்ல, அந்த மூணு மடங்கு தப்பைக் குறைக்கத்தான். பெரிய ஆப்சர்வேட்டரில கோடிக்கணக்குல செலவழிச்சு ஹை ரெசல்யூஷன் படம் எடுக்குறவங்களுக்கும் இதே கணக்குதான்.

ஒவ்வொண்ணோட தனித்தனி நிறை வேணும்னா கூட்டுத்தொகை மட்டும் போதாது, ரெண்டும் பொதுவான ஒரு மையத்தைச் சுத்தி எந்த அளவுக்கு ஆடுதுன்னு தெரியணும், கனமானது கம்மியா ஆடும், லேசானது கூட ஆடும். 1844ல பெசல், சிரியஸ் நேர்கோட்டுல போகாம ஆடிக்கிட்டே போறதைப் பாத்துட்டு கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு கூட இருக்குன்னு சொன்னாரு, 1862ல ஆல்வன் கிரஹாம் கிளார்க் புது லென்ஸை டெஸ்ட் பண்றப்போ அதை நேர்லயே பாத்துட்டாரு. இந்த ஆட்டத்தை அளக்குற வேலை நம்ம செட்டுல நடக்காது, அதை வாங்குறதுக்கு முன்னாடியே மனசுல வச்சுக்கோங்க. நம்மால முடிஞ்சது இடைவெளியும் கோணமும்.

அதுவே சின்ன வேலை இல்ல. வாஷிங்டன் டபுள் ஸ்டார் கேட்டலாக்ல ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஜோடிங்க இருக்கு, அமெச்சூர் ஆளுங்க எடுத்த அளவுகளும் முறையா வெளியானா அதுல சேருது, ஏன்னா நூறு வருஷம் சுத்துற ஜோடிக்கு ஒரு ஆப்சர்வேட்டரி மட்டும் உக்காந்து காவல் காக்க முடியாது.

நம்ம பக்கத்துக்கும் இதுல பழைய பாத்தியதை உண்டு. ஆல்ஃபா சென்டாரி ஒண்ணு இல்ல ரெண்டுன்னு கண்டுபிடிச்சது 1689 டிசம்பர்ல பாண்டிச்சேரில இருந்து ஜான் ரிஷோன்னு ஒரு பாதிரியார், ஒரு வால்நட்சத்திரத்தைப் பாத்துட்டு இருந்தப்போ. 1855ல மெட்ராஸ் ஆப்சர்வேட்டரில இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கைங்கிற இரட்டையோட பாதையில ஒரு பிசகு இருக்கு, அதுக்கு ஒரு கிரகம் காரணமா இருக்கலாம்னு எழுதினாரு. அது பொறவு நிக்கல, ஆனா இடைவெளியை அளந்தே ஒரு மறைவான பொருளைத் தேடலாம்னு அந்தக் காலத்துலயே நம்ம மெட்ராஸ்ல ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காரு பாருங்க.

சரி, செட்டுக்கு வருவோம். இதுல நிஜமா வேலை செய்யுறது கேமராதான். டெலஸ்கோப் எவ்ளோ நல்லதா இருந்தாலும் மேல இருக்குற காத்து சும்மா இருக்காது, தாமிரபரணி ஓட்டத்துக்குள்ள கெடக்குற காசு மாதிரி நட்சத்திரம் நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆனா காத்து ஒரு வடிவத்துல நிக்கிற நேரம் சில மில்லிசெகண்டுதான், அந்த நேரத்துக்குள்ள ஒரு படம் எடுத்துட்டா அந்தப் படத்துல நெளிவு உறைஞ்சு போயிருக்கும். அதனால 5, 10 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷர்ல ஆயிரக்கணக்குல ஃப்ரேம் எடுத்து, அதுல நல்லா வந்த கொஞ்சத்தை மட்டும் பொறுக்கி அடுக்குறோம். இதுக்குப் பேரு லக்கி இமேஜிங், நல்ல ஃப்ரேம் கெடைக்குற வாய்ப்பு எவ்ளோன்னு ஃப்ரைடு 1978லயே கணக்குப் போட்டு வச்சுட்டாரு. அதுக்கு முன்னாடி 1970ல லபெய்ரி, இந்த நெளிவுப் புள்ளிகளையே வச்சு தகவலை எடுக்குற ஸ்பெக்கிள் முறையைக் கொண்டு வந்தாரு, பெரிய டெலஸ்கோப்ல இரட்டை நட்சத்திர அளவுக்கு இன்னிக்கும் அதுதான் பெரிய ஆயுதம். சின்ன வாய் உள்ள டெலஸ்கோப்புக்கு இதுல ஒரு சாதகம் இருக்கு. வாய் பெருசாகப் பெருசாக, முழு வாய்க்கும் மேல காத்து ஒரே நேரத்துல அமைதியா இருக்குற வாய்ப்பு சட்டுனு கொறஞ்சுடும். 127 மிமீல நல்ல ஃப்ரேம் தாராளமா கெடைக்கும்.

கேமரா மோனோவா இருக்கணும்னு ஏன் சொல்றேன்னா, கலர் கேமரால பச்சை, சிவப்பு, நீலம்னு பிக்சல் பங்கு போட்டுக்கும், அளவு எடுக்குற கூர்மை போயிடும். 2எக்ஸ் பார்லோ போட்டா ஒரு பிக்சலுக்கு 0.2 ஆர்க் செகண்ட் வருது. இந்த ட்யூபோட பிரிக்கிற எல்லை டாஸ் கணக்குப்படி 116ஐ 127ஆல வகுத்தா 0.91 ஆர்க் செகண்ட், அதுக்குள்ள நாலு பிக்சலுக்கு மேல உக்காருது, போதும். சென்சார்ல சின்ன ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தா செகண்டுக்கு நூறு ஃப்ரேம் எளிதா வரும், ஒரு நிமிஷ வீடியோ அரை ஜிபிக்குப் பக்கம் வரும், எஸ்எஸ்டி இல்லாத பழைய லேப்டாப்னா ஃப்ரேம் விட்டுப் போகும். எடுக்க ஷார்ப்கேப், அடுக்க ஆட்டோஸ்டாக்கர்ட், இரட்டை நட்சத்திரத்துக்குன்னே செஞ்ச ரெடக்கை வச்சு இடைவெளியும் கோணமும், இதுதான் என் வழக்கம்.

அளவுகோல் சரி பண்றது ரொம்ப எளிது, இதை யாரும் விட்டுடாதீங்க. மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு நட்சத்திரத்தைத் தானா ஓட விடணும். பூமி சுத்துறதால அது கிழக்கு-மேற்கா ஒரு கோட்டுல போகும், அந்தக் கோடுதான் உங்க கேமராவுக்குத் திசை. வானத்து நடுக்கோட்டுல இருக்குற நட்சத்திரம் செகண்டுக்கு 15 ஆர்க் செகண்ட் ஓடும், அப்போ நம்ம சென்சாரோட ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு 25 செகண்டுக்குக் கொஞ்சம் கூட ஆகும், அதை வச்சு ஒரு பிக்சலுக்கு எவ்ளோன்னு நீங்களே சரிபாத்துடலாம். ஆல்ஃபா சென்டாரி தெற்கே தள்ளி இருக்குறதால அது பாதி வேகத்துலதான் போகும், கணக்குல அதைச் சேக்கணும். டயகனல் கண்ணாடி போட்டு எடுத்தா படம் எடம்வலம் மாறிடும், கோணமே தலைகீழா வரும், கேமராவை நேரா ட்யூப்ல மாட்டுங்க.

இனி நம்ம ஊர் சமாச்சாரம். ஈக்வடோரியல் மவுண்ட் வாங்குறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. திருநெல்வேலி அட்சரேகை 8.7 டிகிரி. துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து அவ்ளோ உயரத்துலதான் இருக்கும், எங்க மாடியில அது தண்ணி டேங்குக்கும் வேப்ப மரத்துக்கும் பின்னாடி போயிடுது, மரம் இல்லாட்டியும் புழுதியில மங்கித்தான் தெரியும். அது போக மவுண்ட்டை 8 டிகிரிக்கு எறக்குனா கவுண்டர்வெயிட் கம்பி போய் ட்ரைபாட் கால்ல இடிக்குது. இந்த மவுண்ட்டெல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா அட்சரேகையை மனசுல வச்சு செஞ்சது. வாங்குற எடத்துல மவுண்ட் எத்தனை டிகிரி வரைக்கும் எறங்கும்னு கேட்டீங்கன்னா எறங்கும்னுதான் சொல்லுவாங்க, எறக்குன பொறவு கம்பி சுத்துமான்னு கேளுங்க. நான் லேத் பட்டறையில குடுத்து ட்ரைபாட்டுக்கும் மவுண்ட் தலைக்கும் நடுவுல வைக்க ஒரு இரும்புப் பைப் செஞ்சு வாங்குனேன், பட்டறை அண்ணாச்சி அளவு சுத்தமா கடைஞ்சு குடுத்தாரு, இப்போ ஆட்டம் இல்லாம நிக்குது. இந்தச் செலவையும் விலையோட சேத்துக்கோங்க.

அடுத்து வெயில். சித்திரை மாசம் பகல் பூரா காஞ்ச தட்டோடு ராத்திரி பதினொண்ணு பன்னெண்டு வரைக்கும் சூட்டைக் கக்கிட்டே இருக்கும், அந்த நேரம் எந்த நட்சத்திரத்தைப் பாத்தாலும் கொழகொழன்னுதான் இருக்கும், டெலஸ்கோப்பைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. சாயந்திரமே மாடியில தண்ணி தெளிச்சு விட்டா கொஞ்சம் பரவால்ல. மாக்சுடோவ் மூடுன ட்யூபுங்கிறதால உள்ள இருக்குற காத்து ஆற நேரம் எடுக்கும், ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய வச்சுடணும். ஆனி பொறந்து ஆடி, ஆவணி வரைக்கும் செங்கோட்டைப் பக்கம் இருந்தும் ஆரல்வாய்மொழிப் பக்கம் இருந்தும் வர்ற காத்துல ட்யூபே ஆடும், அது குற்றாலத்துக்கு சீசன், நமக்கு சீசன் இல்ல. நல்ல மாசம்னா தை கடைசில இருந்து சித்திரை வரைக்கும். தையில விடிகாலைப் பனி முன்கண்ணாடியில படியும், ஃபோம் ஷீட்டைச் சுருட்டி ஒரு காப்பு மாட்டிடுங்க. ஒரு நல்ல விஷயம், இந்த வேலைக்குக் காடுகரைக்குப் போய் இருட்டைத் தேட வேண்டாம், பிரகாசமான ஜோடிங்களுக்குத் தெருவிளக்கு ஒண்ணும் செய்யாது, டவுன்ல இருந்தே எடுக்கலாம்.

இதுல எடுத்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பொரிமா, கன்னி ராசில இருக்குற காமா விர்ஜினிஸ். நம்ம ஊருக்கு அது தலைக்கு மேல 80 டிகிரி உயரத்துல போகுது, காத்துத் தொல்லை கம்மி. ரெண்டும் ஒரே பிரகாசம், 169 வருஷத்துக்கு ஒரு சுத்து. 2005ல ரொம்ப நெருங்கி 0.4 ஆர்க் செகண்டுக்கே வந்துடுச்சு, அப்போ இந்த டெலஸ்கோப் இருந்திருந்தா ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும். இப்போ 3 ஆர்க் செகண்டுக்கு மேல விலகி, ரெண்டும் நடுவுல இருட்டோட அழகா பிரிஞ்சு நிக்குது. அடுக்குன படத்துல ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் மெல்லிசா ஒரு வளையம் தெரியும், அது தெரிஞ்சாலே ஃபோக்கஸும் கண்ணாடியும் சரியா இருக்குன்னு அர்த்தம். ஒரே ராத்திரில எடுத்த வீடியோக்களுக்குள்ள இடைவெளி 0.05 ஆர்க் செகண்டுக்குப் பக்கம் மாறுது. அது ஒண்ணரை சதவீதம், அப்போ நிறையில நாலரை சதவீதம். இந்த விலைக்கு இது எனக்குப் பெரிய விஷயம், வருஷா வருஷம் புள்ளி சேரச் சேர இன்னும் குறையும்.

ஆல்ஃபா சென்டாரிதான் நமக்குக் கெடைச்ச வரம். டெல்லில இருந்து பாத்தா அது அடிவானத்தை ஒட்டியே போயிடும், நம்ம ஊர்ல 20 டிகிரி உயரத்துக்கு வந்துடும். மே மாசம் ராத்திரி பதினோரு மணி வாக்குல தெற்கே நேரா நிக்கும். 2016ல 4 ஆர்க் செகண்டுக்கு நெருங்கிட்டு இப்போ விலகிட்டு இருக்கு, இந்த ட்யூபுக்குப் பிரிக்கிறது ஒண்ணும் கஷ்டமே இல்ல. ஆனா தாழ இருக்குறதால காத்து கலரைப் பிரிச்சு நட்சத்திரத்தை மேலும் கீழுமா இழுத்துடும், ஒரு சிவப்பு ஃபில்டர் போட்டா சுத்தமாகிடும், அதுக்கும் மோனோ கேமராதான் வசதி. அடுத்த வீட்டு அண்ணாச்சி ஒரு நாள் மாடிக்கு வந்து ஸ்கிரீனைப் பாத்துட்டு, "என்ன தம்பி, ஒத்த நட்சத்திரம்னு நெனைச்சேன், இது ரெண்டுல்லா"ன்னாரு. எது கனம்னு கேட்டாரு, பெருசா தெரியுறதுதான்னு சொல்லிட்டு கணக்கையும் ஒரு தாள்ல போட்டுக் காட்டுனேன், அந்தத் தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு.

கல்யாணத்துல அருந்ததி பாக்கச் சொல்லுவாங்கல்ல, அந்த அருந்ததி பக்கத்துல இருக்குற வசிஷ்டர், அதான் மைசார், அதையும் எடுங்க. 14 ஆர்க் செகண்ட் இடைவெளியில ரெண்டா பிரியும். அதுல பிரகாசமானது மட்டுமே இன்னொரு ஜோடி, இருபது நாள் சொச்சத்துல ஒரு சுத்து, அதைப் பிரிக்க நம்மால ஆகாது, பல டெலஸ்கோப் வெளிச்சத்தை ஒண்ணா சேக்குற இன்டர்ஃபெராமீட்டர் வேணும்.

முடியாதது வேற என்னன்னா சிரியஸோட துணை. இடைவெளி இப்போ 11 ஆர்க் செகண்ட் பக்கம், ஆனா வெளிச்சம் 10,000 மடங்கு வித்தியாசம், என் படத்துல அது வந்ததே இல்ல. 1 ஆர்க் செகண்டுக்குக் கீழ உள்ள எதுவும் வெறும் நீள்வட்டமாத்தான் வரும், அளவுன்னு சொல்லிக்க முடியாது. நிஜமாவே நிறையில சந்தேகம் இருக்குற எடமெல்லாம் அந்த எல்லைக்குக் கீழதான் இருக்கு. காபெல்லாவை 1920 வாக்குல மவுண்ட் வில்சன்ல 100 இன்ச் டெலஸ்கோப்ல இன்டர்ஃபெராமீட்டர் வச்சுத்தான் பிரிச்சாங்க, 0.05 ஆர்க் செகண்ட் அளவுதான் இடைவெளி. க்ளீஸ் 229 பி ன்னு ஒரு பழுப்புக் குள்ளன் (கிரகத்தைவிடக் கனம், ஆனா நட்சத்திரமா எரியுற அளவுக்கு நிறை பத்தாத பொருள்), 1995ல அறிவிச்சது, வியாழனைப் போல 71 மடங்கு நிறை வந்துச்சு, அவ்ளோ நிறைக்கு வெளிச்சம் பத்தலயேன்னு எல்லாரும் முழிச்சாங்க. 2024ல சிலில இருக்குற விஎல்டி இன்டர்ஃபெராமீட்டர்ல பாத்தா அது ஒண்ணு இல்ல ரெண்டு, 38ம் 34ம், 12 நாளுக்கு ஒரு சுத்து. நிறை சரியா இருந்துச்சு, பிரிச்சுப் பாக்குற கண்ணுதான் அதுவரைக்கும் பத்தல. ஹை ரெசல்யூஷனுக்கு இவ்ளோ ஏன் அடிச்சுக்குறாங்கன்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்.

குறைங்க. ஃபோக்கஸ் குமிழைத் திருப்புனா உள்ள கண்ணாடி லேசா நகந்து நட்சத்திரம் ஸ்கிரீனை விட்டே ஓடிடுது, சின்னக் கட்டம் வெட்டி எடுக்குறப்போ இது பெரிய எரிச்சல். அதனால மொதல்ல முழு சென்சார்ல ஃபோக்கஸ் பண்ணிட்டு, கடைசித் திருப்பு எப்பவும் ஒரே பக்கமா வச்சுக்கோங்க. கூட வர்ற ஃபைண்டர் இந்த வேலைக்குப் பத்தாது. கேமரா யூஎஸ்பி கேபிள் லூசா இருந்துச்சு, காத்துல ஆடுனா இணைப்பு போயிடும், நான் வேற கேபிள் மாத்திட்டேன். வாங்குன ஆன்லைன் கடைக்கு மெயில் போட்டா பதில் வர ரொம்ப நாளாச்சு, பேசுனவரு நல்லாத்தான் பேசுனாரு, ஆனா சென்னையைத் தாண்டி சர்வீஸ்னா நாமதான் பார்சல் அனுப்பணும்.

மார்க் போடச் சொன்னா கேமராவுக்கு 5க்கு 5, ட்யூபுக்கு 4, மவுண்ட்டுக்கு நம்ம அட்சரேகைக்கு 2க்கு மேல மனசு வரல. காசு கம்மியா இருந்தா மொதல்ல கேமராவை வாங்குங்க, ஏற்கனவே கையில ஒரு 6 இன்ச் டெலஸ்கோப் இருந்தாக்கூட பொரிமாவுல ஆரம்பிச்சுடலாம். பார்லோல மட்டும் மலிவுக்குப் போகாதீங்க, மொத்தப் படமும் அது வழியாத்தான் வருது. பள்ளிக்கூடத்துக்கு வாங்குற டீச்சருங்க யாராவது இருந்தா மாசி, பங்குனில ஆரம்பிக்கிற மாதிரி ஆர்டர் போடுங்க, வைகாசியில போட்டா பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே காத்து ஆரம்பிச்சுடும், 70 ஒஃபியூக்கை சாயந்திர வானத்துக்கு வர்றதும் அந்தக் காத்து மாசத்துலதான்.